பீரங்கிக் குண்டில் நீல பெயிண்ட்

‘ணங்!’

ஜேசிபியின் பல் எதிலோ மோதி நின்றது. டிரைவர் கொளஞ்சியப்பன் குழிக்குள் குதித்து, தேங்காய் அளவு இரும்புக் குண்டு ஒன்றைத் தூக்கி வந்து வரப்பில் போட்டார்.

ஞானசேகரனுக்கு முகம் மாறியது. பரங்கிப்பேட்டையை ஒட்டிய இந்த நிலத்தை இறால் குட்டைக்காக நாளை பத்திரம் பண்ண இருந்தவர் அவர். மண்ணைப் பார்க்கத்தான் குழி வெட்டச் சொன்னார்.

“இன்னைக்கு ஜூலை ஒண்ணுதானே?” செல்போனைத் தடவினார். “1781-ல இதே தேதிதான் ஹைதர் அலி படையும் வெள்ளைக்காரன் படையும் இங்க மோதியிருக்கு. பீரங்கிக் குண்டு சார் இது! தொல்லியல்காரங்க வந்து கயிறு கட்டிட்டா நான் எங்க குட்டை வெட்டுறது? பத்திரமே வேணாம்.”

கார் பறந்துவிட்டது.

இந்த நிலத்தை விற்றுச் சிதம்பரத்தில் ஃபிளாட் வாங்கும் கனவில் இருந்த சுப்பராயலு, அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்தது, நாள் பார்த்தா வெளியே வரும்?

குண்டைத் துண்டால் துடைத்தார். துருவுக்கு நடுவே பளிச்சென்று நீலம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கிற பெயிண்ட்!

எந்தப் படைக்காரன் குண்டுக்கு நீலம் பூசிச் சுட்டான்?

புவனகிரியில் மாடு வளர்ப்பவன் மச்சான் ராஜமாணிக்கம். ‘விக்காதீங்க மாமா, நான் குத்தகைக்கு எடுத்துக்கிறேன்’ என்று போன வாரம்தான் நச்சரித்துவிட்டுப் போனான். சுப்பராயலு குண்டோடு வீட்டுக்கு வந்து போன் போட்டதும், அரை மணியில் பைக்கில் வந்து நின்றான்.

“இது யார் வூட்டுக் குண்டு மச்சான்?”

ராஜமாணிக்கம் உருட்டிப் பார்த்தான். “எங்க தொழுவத்துல கெடந்ததுதான். கன்னுக்குட்டிய இதுலதான் கட்டுவோம். பொங்கலுக்குக் கொம்போட சேத்து இதுக்கும் பெயிண்ட் அடிப்போம். சித்திரையிலேர்ந்து இதையும் சேத்து நாலு குண்டைக் காணோம்.”

“காணோமா! கால் மொளச்சு நடந்து வந்துச்சா?”

“சத்தியமா நான் எடுக்கல மாமா. விக்கக் கூடாதுன்னு நான் மட்டுமா சொன்னேன்? இறால் குட்டை வந்தா வூட்டுக் கெணறு உப்பாயிடும்னு அக்காவும்தானே அழுதுச்சு?”

“அவளை ஏன்டா இழுக்கிற? வாயில்லாப் பூச்சி அவ!”

உள்ளேயிருந்து விருத்தாம்பாள் டீயோடு வந்தாள். தம்பிக்கு முதலில் கொடுத்தாள்.

“அவன் மேல ஏங்க பாயறீங்க? எந்த மூலையில தோண்டினாலும் ஒண்ணு கெடைக்கும். நான் நாலு பொதைச்சிருக்கேன்.”