இருநூற்று முப்பத்தொன்று

கரண்ட் பார்க்கும் அந்த மீட்டரைச் செய்தவன் என் கையில் கிடைத்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: உனக்கு மூன்று கையாடா? இரண்டு கையிலும் அதன் வயர் நுனியிலுள்ள இரண்டு முள்ளைப் பிடித்துக் கொண்டிருக்கும்போது திரை இருண்டுபோகும். வெளிச்சத்துக்குப் பட்டனை அமுக்க ஒரு முள்ளை விட வேண்டும். விட்டு அமுக்குவதற்குள் அந்தச் சனியன் தானாகவே அணைந்துவிடும். சித்தேரி மலையில் பதினெட்டு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். இத்தனை எரிச்சலையும் பொறுத்துக்கொண்டது, அது பொய் சொல்லாது என்று நம்பியதால்தான்.

என் மனைவி கலைமணிக்கு நுரையீரல் சுருங்கும் நோய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால்தான் அவளுக்கு மூச்சு. அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம். நிறைந்திருந்தால் முக்கால் மணி நேரம் தாங்கும்.

போன ஆவணியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மெஷின் கூவிவிட்டு நின்றது. குழாயை சிலிண்டருக்கு மாற்றிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

"மலைக்கு ஏறி வரணுங்க. ஒன்றரை மணி நேரம் ஆவும்."

முக்கால் எங்கே, ஒன்றரை எங்கே! மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். பிளக் இருந்த ஓட்டைகளில் மீட்டரின் முட்களைச் செருகினேன். இருநூற்று முப்பத்தொன்று. வோல்ட் அளவு சரி; கரண்ட் கல் மாதிரி இருந்தது. சுவரில் எல்.இ.டி. விளக்கும் எரிந்தது.

"லைனு நல்லாத்தான் இருக்குது புள்ள. மெஷின்தான் போச்சு" என்றேன்.

"குண்டு பல்பு போட்டுப் பாருங்க" என்றாள் கலைமணி. கல்யாணமான புதிதில் நான் அப்படித்தான் சோதிப்பேன். ஹோல்டரில் நூறு வாட் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். பல்பைப் பிடித்துக்கொண்டு எத்தனை வீடு என்னோடு வந்திருக்கிறாள். மீட்டர் வாங்கியதும் அந்தப் பல்பைப் பரணில் போட்டுவிட்டேன்.

"அட, மீட்டரே சொல்லுதுன்றேன்! நீ பேசாத. இருக்கற மூச்ச மிச்சம் பண்ணு."

மெஷினைக் கழற்றினேன். பியூஸ் நன்றாக இருந்தது. உள்ளே ஒரு வயரும் கருகவில்லை. மூடி, பிளக்கைச் செருகினேன். ஒரு கூவல், அவ்வளவுதான். மறுபடி பிடுங்கி மீட்டரை வைத்தேன். இருநூற்று முப்பத்தொன்று. சிலிண்டரின் முள் சிவப்புக்கு இறங்கியிருந்தது. கலைமணியின் உதடு நாவல்பழம் தின்றவள் உதடுபோல் ஆகியிருந்தது. நான் மறுபடி மெஷினைக் கழற்றினேன். எதற்கென்று எனக்கே தெரியாது. ஒரு திருகு நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. மீட்டர் அணைந்தது. எடுத்து மூலையில் வீசினேன்.

அவளால் பேச முடியவில்லை. கையைத் தூக்கிப் பரணைக் காட்டினாள்.

இறக்கினேன், அவளுக்காக. பல்பில் ஒரு விரற்கடைக்குத் தூசி. வயர்களைச் செருகினேன். பல்பு பீடி நுனி மாதிரி சிவந்தது. கொஞ்சம் மினுங்கியது. அப்புறம் அணைந்தே போனது.

அட பாவி குப்புராஜு! என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மீட்டர் வைக்கும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். அந்த ஓட்டையை விட்டால் முள்ளைச் செருக வேறு இடமில்லை. மீட்டர் துளிக் கரண்டைக்கூடக் குடிக்காது. வயர் ஒரு மயிரிழையில் தொட்டுக்கொண்டிருந்தாலும் அதற்கு இருநூற்று முப்பத்தொன்றுதான். எல்.இ.டி. விளக்குக்கும் அந்த இழை போதும். மெஷினை மாட்டிப் பாரம் ஏற்றினால்தான் கரண்ட் படுத்துவிடும். மூட்டை ஏற்றாத வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கே அந்த மயிரிழை என்று தேட வேண்டியதே இல்லை. ஆனியில் பக்கத்துக் கொல்லை நஞ்சப்பன் வீட்டில் காதுகுத்து. மைக் செட்டுக்காக என் வீட்டுக் கூரையோரத்தில் வயரை வெட்டி அவனுக்குக் கரண்ட் கொடுத்தேன். விசேஷம் முடிந்ததும் கறிச்சோறு தின்ற கையோடு இரண்டு முறுக்கு முறுக்கி டேப் சுற்றினேன். கீழே வந்து மீட்டர் வைத்தேன். காட்டியது. அத்தோடு விட்டுவிட்டேன்.

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினேன். அந்த இடத்தில் கரண்டை அணைக்க வழியில்லை. டேப்பைக் கிழித்தால் பச்சை பூத்து, கருகி, ஒரு கம்பி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. ரப்பர் உறை போட்ட குறட்டால் சுரண்டி, நெருப்புப் பொறி முகத்தில் தெறிக்கத் தெறிக்க முறுக்கினேன். உள்ளேயிருந்து அவள் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. "கலை! கலை!" என்று கத்தினேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. சிலிண்டரின் முள் அடியில் கிடந்தது. பிளக்கைச் செருகினேன். பல்லில்லாத வாயால் யாரோ சிரிப்பதுபோல் மெஷின் கடகடத்துப் பிடித்துக்கொண்டது. குழாயை அவள் மூக்கில் வைத்து, முதுகை நீவினேன். குலசாமியைத் திட்டினேன், கும்பிட்டேன், மறுபடி திட்டினேன். ரொம்ப நேரத்துக்குப் பிறகு அவள் விலா மெதுவாக ஏறி இறங்கியது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவர்கள் சிலிண்டரை மாட்டினார்கள். மெஷினின் பிளக்கைப் பிடுங்கும்போது அவள் கண்ணால் மூலையைக் காட்டினாள். கண்ணாடி விரிசல் விட்ட மீட்டரை எடுத்து முட்களைச் செருகினேன்.

"எவ்ளோ?" என்றாள்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு."

மலையிறங்கும் வழியெல்லாம் அந்த மீட்டரையும் அதைச் செய்தவனையும் அவன் பரம்பரையையும் நான் ஏசிக்கொண்டே வந்தேன். கலைமணி ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு விரலால் நகர்த்தினாள்.

"ஏங்க, அந்த ஜாயிண்டு ஆரு போட்டது?"

"நாந்தான்."

"அப்ப மீட்டர வுடுங்க" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.