தட்டு மாற்றும் வேளை

சவப்பெட்டியைத் தூக்க நான்கு பேரை நிறுத்தியாகிவிட்டது. மச்சினன்மார் இருவர், பக்கத்து வீட்டுக்காரர், நான்காவதாக, செத்துப்போன மகளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த, மூக்குக்கண்ணாடி போட்ட பையன். பம்ப் மெக்கானிக்கைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பெற்ற அப்பன், அதுவும் இதய நோயாளி. அவரை எப்படித் தூக்கவிடுவது?

நேற்று மத்தியானம் வேலைக்கு நடுவே தலை வலிக்கிறது என்றாளாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். பெற்ற கிழவன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான், அவள் போய்விட்டாள். என்ன நியாயம் இது?

"தொண்டை வியாதிக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டிருந்த புள்ள" என்று அழுதாள் அத்தை ஒருத்தி.

அப்படிச் சொல்லி வைத்தது மெக்கானிக்தான். மேகவெட்டை, படுக்கையில் ஒட்டுகிற வியாதி என்று சொந்தக்காரர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அந்த வேலையைக் கேட்டே இரண்டு சம்பந்தம் கைநழுவிப்போனது. "அந்தக் கருமத்த விட்டுட்டு வா, அப்புறம் பேசறேன்" என்று கத்தினார். அவள் விடவில்லை. அவரும் பேசவில்லை. கடைசிவரைக்கும் பேசவில்லை.

கண்ணாடிக்காரன் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னப்பா, கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டு நிக்கிற? என் பொண்ண அனுப்பறதவிட என்ன அவசரம் உனக்கு?"

அவன் அவர் பக்கத்தில் வந்து குனிந்தான். "ஐயா, அக்கா வளர்த்த கிருமி ஒண்ணு இருக்கு. எந்த மருந்துக்கும் அடங்கல. ஐஸ்ல வெச்சது எல்லாமே செத்துப்போச்சு. உயிரோட இருக்கறது ஒரே ஒரு கண்ணாடித் தட்டுலதான். தினமும் புதுத் தட்டுக்கு மாத்தி, ஜாடிக்குள்ள மெழுகுவத்தி ஏத்தி மூடி வெக்கணும், அது எரிஞ்சு அணைஞ்ச காத்துலதான் கிருமி பிழைக்கும். நேத்து மாத்தல. இப்பவும் விட்டா அவ்வளவுதான்."

"வேற ஆளில்லையா?"

"கை பழகினது எங்க ரெண்டு பேருக்குத்தான்."

"தினமுமா மாத்துவா?"

"ஞாயித்துக்கிழமைகூட. இந்த வியாதி வந்துபோனாலும் உடம்பு அத ஞாபகம் வெச்சுக்கறதில்லைய்யா, திரும்பத் திரும்ப வரும். தடுப்பூசி போட்டு உடம்புக்கு அத ஞாபகப்படுத்த முடியுமான்னுதான் அக்கா..." அவன் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சாயங்காலமானால் ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிடுவாள். பெத்தவளைவிட உனக்குக் கிருமி ஒசத்தியா என்று அவர் ஏசியிருக்கிறார். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை அவள். சொல்லியிருந்தால் மட்டும் காது கொடுத்துக் கேட்டிருப்பாரா?

மெக்கானிக் எழுந்தார்.

"நீ போப்பா."

"தூக்க ஆளு வேணுமேய்யா."

"நான் பாத்துக்கறேன். அது சாகக் கூடாது, போ."

அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடினான். அத்தைக்குத் தாங்கவில்லை. "எடுக்கற நேரத்துல அவன எங்க அனுப்பறீங்க?"

"பாப்பா வேலைக்கு."

"தொண்டை மருந்துக்கா?"

"தொண்டை இல்ல. மேகவெட்டைக்கு." கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "அதான் எம்பொண்ணு பாத்த வேலை."

அவர் நான்காவது ஆளின் இடத்தில் போய் நின்றார்.

"அத்தான், உங்களுக்கு முடியாது" என்றான் பெரிய மச்சினன்.

"புடிங்கடா."

தூக்கினார்கள். மற்ற மூவரும் வாட்டசாட்டமானவர்கள், அவரைவிட உயரம். பெட்டி அவர் பக்கம் சரிந்தது. பெரிய மச்சினன் முதலில் முழங்காலை மடக்கினான், பிறகு மற்ற இருவரும். அவர் உயரத்துக்குத் தாழ்ந்து, அரைக் குனிவில், நால்வரும் படியிறங்கினார்கள்.