மீனம்பாள் போடாத உப்பு

மீனம்பாளுக்கு மாதா கோயில் பள்ளி விடுதியில் சமையல் வேலை வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கொழுந்தன் கலியபெருமாள் வைத்திருந்த ஓட்டலில், கல்யாணமான நாளிலிருந்து அடுப்போடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தாள். குழம்பு ருசித்தால் அது கலியபெருமாள் வைத்தது; தீய்ந்துபோனால் அண்ணி வைத்தது. அந்தக் கடையின் நியாயம் அப்படி.

தவக்காலத்தில் வழி பிறந்தது. சுற்றுப்பக்கத்து ஊர்க் கோயில்களில் ஜெபம் நடத்தும் உபதேசியார்களெல்லாம் மாதா கோயிலுக்கு ஞானவொடுக்கத்துக்கு வந்திருந்தார்கள். மூன்று நாள் ஜெபமும் தியானமும்தான். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, சாப்பாட்டுப் பந்தியிலும்கூட. "இந்த மூணு நாள் நீ சமைச்சுப் போடும்மா. விடுதி வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் சவரிராயன் ஃபாதர்.

முதல் நாள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, பயபக்தியோடு அடுப்பு மூட்டினாள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு, கீரை மசியல். மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது யாராவது ருசி பார்ப்பார்களா? விரதக்காரர்கள் வயிற்றுக்குப் போவதும் படையல்தான் என்று தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். வாசனைகூட மூக்கில் ஏறாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிண்டினாள்.

பந்தியில் ஃபாதர் மட்டும் இரண்டு வார்த்தை பேசினார். "ஒவ்வொரு வாயையும் நிதானமா மென்னு சாப்பிடுங்க. விதைச்சவங்களை நினைங்க, கொடுத்தவரை நினைங்க." அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

அடுக்களை ஜன்னல் வழியே பார்த்த மீனம்பாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கலியபெருமாள் கடையில் ஹாரன் சத்தம் கேட்டால் பாதி இலையில் எழுந்து ஓடுவார்கள். இங்கே ஒரு கவளம் உள்ளே இறங்க ஒரு யுகம் ஆயிற்று. தொண்டூர் உபதேசியார் மரியசூசை கண்ணை மூடி மென்றார். மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது.

'அடேயப்பா, என் கொழம்புக்கு ஒரு மனுஷன் அழுவுறாரே!' அவள் மனசு குளிர்ந்துபோயிற்று. வேலை கிடைத்த மாதிரிதான்.

எல்லாரும் போனபின் தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டாள். அவர்களைப் போலவே கண்ணை மூடி முதல் வாயை மெல்ல மென்றாள். சட்டென்று கண்ணைத் திறந்து கீரையையும் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

உப்பு இல்லை. குழம்பில் இல்லை, கீரையில் இல்லை, எதிலும் ஒரு கல்கூட இல்லை.

முதல் ருசி பார்த்த பிறகுதான் உப்புச் சட்டிக்குக் கை போகும். அது அவள் பழக்கம். ருசி பார்க்கவில்லை, கையும் போகவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. விடுதி வேலையும் அதோடு போயிற்று. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கலாமென்றால் எதிர்ப்பட்டவர்களெல்லாம் கைகூப்பித் தலை குனிந்து நகர்ந்துவிட்டார்கள். வாயே திறக்காதவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி?

சாயங்காலம் கோயிலுக்குள்ளிருந்து ஃபாதரின் பிரசங்கம் கேட்டது. "உலகத்துக்கு நீங்கள் உப்பு. உப்பு சாரமற்றுப் போனால் அதனால் என்ன பயன்?"

'போச்சுடா! பிரசங்கத்துலயே மானத்த வாங்குறாரே' என்று மீனம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றைய இரவுச் சாப்பாட்டுக்குப் படையல் சட்டத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, ருசி பார்த்து உப்புப் போட்டாள். முதல் வாயிலேயே உபதேசியார்கள் முகமெல்லாம் மலர்ந்தது. மரியசூசை களுக்கென்று சிரித்துவிட்டு அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் பூசை முடிந்ததும் மௌனம் கலைந்தது. முதல் ஆளாய் மரியசூசைதான் பேசினார். "இத்தினி வருசமா இந்த வாயி சோறு துன்னுது. மொத நாளு உப்பில்லாம துன்னப்பத்தான் உப்புன்னா இன்னான்னு தெரிஞ்சுது ஃபாதர். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

ஃபாதர் மீனம்பாளைப் பார்த்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லலையே, பிரசங்கத்துக்குத் தோதா எப்படிம்மா உப்பை விட்டே? விடுதிக்கு உன்னைவிட நல்ல ஆள் எங்க கிடைக்கும்?"

வேலை கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூன்று நாள் அத்தனை பேர் செய்ததை ஒரு நிமிஷம் அவளால் செய்ய முடியவில்லை. அவ்வளவு நல்ல கத்தரிக்காயை வேண்டுமென்றே உப்பில்லாமல் வைத்தாள் என்ற பேரை எந்தச் சமையல்காரி தாங்குவாள்?

"அய்யய்யோ, நான் எங்க விட்டேன்! படையலாச்சேன்னு ருசி பாக்காம மறந்துட்டேன் ஃபாதர். வேல குடுக்காட்டியும் போவுது, வேணும்னு செஞ்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. வெளிய தெரிஞ்சா என் கைக்கு இன்னா மரியாத?"

மூன்று நாள் அடக்கிய சத்தமெல்லாம் சிரிப்பாக வெடித்தது. ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை விடுதிக்கு வந்துடு. ஆனா ருசி பாத்துட்டுத்தான் இறக்கணும்."

"கும்புடற எடத்துல அது எப்பிடி ஃபாதர்?"

"எங்க ஆண்டவரே மனுஷங்களோட பந்தியில உக்காந்து சாப்பிட்டவர்தாம்மா. ஒரு வாய் நீ முந்திக்கிட்டா கோவிச்சுக்க மாட்டாரு."

மீனம்பாள் அடுக்களைக்குப் போனாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, மரியசூசையைப் போலவே கண்ணை மூடி, அவசரமில்லாமல் நக்கிப் பார்த்தாள். கொஞ்சம் உப்புப் பற்றவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு சிட்டிகை போட்டாள்.