அவள் ஏன் பல்லைக் கேட்டாள்

என் மனைவியின் பற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டியும் அவளுக்கு ஒன்றுகூட விழவில்லை, ஒன்றுகூட ஆடவில்லை. சோடா மூடியைக் கடித்தே திறப்பாள். நானோ இடது பக்கமாக மட்டும் மெல்லுகிறவன். தவறி வலது பக்கம் போய்விட்டால் உயிர் போய் உயிர் வரும். அப்படிப்பட்டவள், "நமக்குப் பல் திட்டமே போதும், கண் திட்டம் வேண்டாம்" என்று சொன்னபோது என் மண்டைக்குள் ஒரு குடைச்சல் ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடு முன்பே இருக்கிறது. அதில் பல்லும் கண்ணும் சேராது. இந்த வருடம் புதிதாக இரண்டு திட்டங்களை அறிவித்தார்கள், பல்லுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. ஒரு குடும்பம் ஏதாவது ஒன்றைத்தான் எடுக்கலாம். எடுத்தால் மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது. கண் திட்டத்தில் சேர்ந்தால் கணவன் மனைவி இருவரும் கண் ஆஸ்பத்திரியில் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பல் திட்டத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மாதக் கடைசிக்குள் ஓய்வூதிய அலுவலகத்தில் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

வேறு யாராக இருந்திருந்தாலும், "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கிடங்கில் சாமான் குறைந்தாலும், நல்லாயிருந்த ஜெனரேட்டர் திடீரென்று படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். யார்மேல் சந்தேகமோ அவரைக் கடைசியில்தான் கூப்பிடுவேன். சுற்றியிருக்கிறவர்களை எல்லாம் துருவித் துருவிக் கேட்டு முடித்துவிட்டு, அதற்குப் பிறகு அவர் எதிரில் போய் உட்கார்ந்தால் தப்பிக்க வழியிருக்காது. முதலிலேயே கேட்டால் உஷாராகிவிடுவார். இந்த முறையில் நான் தோற்றதே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

முதலில் பல் டாக்டரிடம் போனேன். என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இந்த வாய்க்கு இப்படி ஒரு திட்டம் வந்திருக்கிறது அதிர்ஷ்டம்தான்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆக, அவள் எனக்காகத்தான் கேட்டிருக்கிறாள்! வீட்டுக்கு வந்து, கேட்காமலேயே அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாளே கலைந்தது. ஓய்வூதியர் சங்கச் செயலாளரிடம் போய்த் திட்டத்தைப் பற்றி விவரம் கேட்டேன்.

"மேடம் வந்து கேட்டுட்டுப் போய்ட்டாங்களே சார்" என்றார் அவர். "கண் திட்டத்துல அந்தப் பரிசோதனை கட்டாயமான்னு கேட்டாங்க. கட்டாயம்தான்னேன். அப்ப எங்களுக்குப் பல்லே போதும்னுட்டாங்க."

அப்படியானால் அவள் பல்லைக் கேட்கவில்லை, கண்ணைத் தட்டிக்கழித்திருக்கிறாள். ஏன்?

என் மனைவி சுகாதாரத் துறையில் நர்ஸாக இருந்தவள். துறையின் வேனைத் தானே ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தடுப்பூசி போட்டவள். ஊசிக்குப் பயந்து ஓடாத வயது வந்தவர்கள்கூட அவள் வேன் வளைவில் திரும்புகிற வேகத்தைப் பார்த்து ஓரம் கட்டுவார்கள். எனக்கு வேலையில் இருந்தவரை ஜீப்பும் டிரைவரும் இருந்ததால் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஓய்வுக்குப் பிறகு எங்கள் பழைய வெள்ளைக் காரை அவள்தான் ஓட்டுகிறாள். நான் அவளுக்கு இடது பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவேன்.

விசாரணையைத் தொடர்ந்தேன். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, சுற்றி வளைத்து அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"அம்மா இப்பல்லாம் எழுதி அனுப்புறதே இல்லப்பா. எல்லாம் குரல்தான். நான் எழுதி அனுப்பினா, படிக்க நேரமில்ல, கூப்பிட்டுச் சொல்லுங்கறாங்க. ஏம்பா, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டுத் தையல்காரியின் வாயைப் பிடுங்குவது சுலபம். பித்தான் விழாத சட்டைக்குப் பித்தான் தைக்க வேண்டும் என்று போய் நின்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"அக்காவுக்கு எம்மேல கோவமா அண்ணே? அன்னைக்குப் பக்கத்துலயே நின்னு கையாட்டுறேன், திரும்பியே பார்க்கல. அப்புறம் முன்னாடி போய் நின்னா, இப்பத்தான் வந்தியான்னு சிரிக்கிறாங்க."

"எந்தப் பக்கம் நின்ன?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "இந்தப் பக்கம்" என்று தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். "எதுக்கு அண்ணே கேக்குறீங்க?"

அன்று மாலை ஒரு சோதனை செய்து பார்த்தேன். அவள் டீயோடு உட்கார்ந்திருந்தபோது, பிஸ்கட் தட்டைச் சத்தமில்லாமல் அவளுடைய இடது கை ஓரமாக நகர்த்தி வைத்தேன். அவள் மேசைமேல் கையால் துழாவினாள். பிறகு தலையை முழுவதுமாகத் திருப்பி, தட்டைக் கண்டு, எடுத்துத் தின்றாள். அவ்வளவு நாளும் எனக்கு இருந்தது ஆர்வம். அந்த நிமிடம் அது பயமாக மாறிவிட்டது.

படுத்தபிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. காரில் போகும்போது அவள் என்னை ஓயாமல் ஏதாவது படிக்கச் சொல்வாள். "அந்தக் கடையில என்ன எழுதியிருக்கு? அங்க யாரோ நிக்கிறாங்களே, நமக்குத் தெரிஞ்சவங்களா? சைக்கிள் போச்சா, நிக்குதா?" நான் தூங்கிவிடாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறாள் என்று நினைத்து, ரேடியோவில் வர்ணனை சொல்கிறவன்போல ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் கேட்ட அத்தனையும் இடது பக்கத்தில் இருந்தவை.

மாதக் கடைசி நாள் வந்தது. காலையில் அவளே நினைவுபடுத்தினாள்.

"ஏங்க, இன்னைக்குத்தான் கடைசி. வாங்க, போய்ப் பல்லுன்னு சொல்லிட்டு வந்துடலாம். உங்க வலது பக்கத்துக்கு ஒரு வழி பிறக்கட்டும்."

காரில் ஏறினோம். அவள் சாவியைப் போடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"உன் இடது பக்கம் என்ன தெரியுது?"

அவள் முன்கண்ணாடியையே பார்த்தாள். "நீங்க."

"திரும்பாம சொல்லு. நான் இப்ப என்ன பண்றேன்?"

நான் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "நான் நர்ஸுங்க" என்றாள். "இது என்னன்னு எனக்குத் தெரியாதா? பார்வையை ஓரத்துலேர்ந்து அரிச்சுக்கிட்டே வரும். போனது திரும்பி வராது. ஆஸ்பத்திரிக்குப் போனா மொதல்ல வண்டியை விடுன்னுதான் சொல்லுவாங்க."

"அதுக்காக மிச்சம் இருக்கறதையும் விட்டுடுவியா?"

"வண்டி இல்லேன்னா நான் யாருங்க? சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடக்குற ஒரு கிழவி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ரோட்டுல இடது பக்கமா ஒரு குழந்தை ஓடி வந்திருந்தா?"

"அதுக்குத்தானே உங்களைப் பக்கத்துலயே வச்சிருந்தேன். நீங்க பார்த்துச் சொல்லுவீங்கன்னு."

"நான்தான் பார்க்கணும்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். "ஊர்பூரா கேட்டீங்க. செயலாளரைக் கேட்டீங்க, பொண்ணைக் கேட்டீங்க, தையல்காரியைக்கூட விடல. எல்லாரும் எங்கிட்ட சொல்லிட்டாங்க. பிஸ்கட் தட்டை நகர்த்தினதும் எனக்குத் தெரியும். என்னைக் கடைசியிலதான் கூப்பிடுவீங்க, அதுக்குள்ள தேதி போயிடும்னு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு நாளும், இன்னைக்காவது கேட்டுட மாட்டாரான்னும் இருந்தது. முதல் நாளே, உனக்கு என்னம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இத்தனை வருட வேலையில் என் எதிரில் உட்கார்ந்து எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது இதுதான் முதல் தடவை. அவள் சாவியை எடுத்து, தடவிப் பார்த்து, என் மடியில் இருந்த பைக்குள் போட்டாள்.

பஸ்ஸில் போனோம். ஓய்வூதிய அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் நின்றிருந்தவர்கள் பல்லா, கண்ணா என்று அப்போதும் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அவளே, "கண்ணு" என்றாள். என் வலது பக்கத்து வலியை இனி மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும். அதையும் இடது பக்கமாகத்தான் கடிக்க வேண்டும். அதைச் சொன்னதும் அவள் லேசாகச் சிரித்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் எனக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது. அவளை ஒரு இயந்திரத்தின் முன் உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியிலிருந்து அந்தப் பொத்தானின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் சத்தமே வராமல் இருக்கும். பிறகு ஒன்று வரும்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எதையும் பூசி மெழுகவில்லை. "போனதைக் கொண்டுவர முடியாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். தினமும் தவறாம சொட்டு மருந்து போடணும். வண்டி மட்டும் வேண்டவே வேண்டாம்" என்றாள். என் மனைவி தலையாட்டினாள். பிறகு டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எப்போலேர்ந்து சார் இவங்களுக்கு இப்படி இருக்கு?"

தையல்காரி, மகள், செயலாளர், பிஸ்கட் தட்டு எல்லாம் என் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. நான் அவற்றை விழுங்கினேன்.

"அவளைக் கேளுங்க டாக்டர்" என்றேன். "முதல்ல அவளைக் கேளுங்க."

நான் அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்ப்பதற்காக அவள் முகத்தை முழுவதுமாகத் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்பினாள்.

"நான் வேலையில இருந்தப்பவே" என்று ஆரம்பித்தாள். "வேனை ஓரமா நிறுத்தும்போது ஒரு கம்பத்துல இடிச்சேன். கம்பம் எனக்குத் தெரியவே இல்ல. யாருகிட்டயும் சொல்லல."

என் சாட்சிகளில் ஒருவருக்கும் தெரியாத சேதி அது.