நீங்க வேற இடம் பாத்துக்கணும்

...இல்லை, கோபம் வரவில்லை, வந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் காலையில் ஃபோனைக் கையில் எடுத்ததிலிருந்து உள்ளே எதுவும் அசையவில்லை, பல் பிடுங்க ஊசி போட்டதும் மரத்துப்போகுமே ஈறு, நாக்கால் தொட்டால் யாருடையதோ மாதிரி, அப்படி... வணக்கம், பெண்கள் கிளினிக்லேர்ந்து சிஸ்டர் பேசறேன், அரசாங்க உதவிப் பணத்தை நிறுத்திட்டாங்க, இன்னியோட மூடறோம், நீங்க வேற இடம் பாத்துக்கணும். முதல் பெண்ணிடம் சொல்லும்போது வார்த்தை தேட வேண்டியிருந்தது. இப்போது வாய் தன்பாட்டுக்குச் சொல்கிறது, இவள் தன்பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கர்ப்பப்பை படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம்தான் உத்தரவு வந்தது. குடும்பத்துக்குள்ள நடக்கற விஷயத்துக்கு ஊர்ப்பணம் எதுக்கு என்று சட்டசபையில் யாரோ கேட்டாராம், மேசையைத் தட்டினார்களாம், முடிந்தது. கருத்தடை ஊசிக்கு வருகிறவள் வீட்டில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாள் என்று அவருக்கு யார் சொல்வது, பரிசோதனை மேசையில் படுத்ததும் பாதிப்பேர் முதலில் கேட்பது, கதவு சாத்தியிருக்கா சிஸ்டர், என்பதைத்தான் என்று... பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், யார் வேண்டாம் என்றது, வரிசையில் நின்று, கோளாறு என்னவென்று கம்பி ஜன்னலில் வாயை வைத்து உரக்கச் சொல்லி, பின்னால் நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால்?

உள்ளறையில் டாக்டரம்மா பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார். சாப்பாட்டுக்கு வரியா என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். பசி இருக்கிறதா? தெரியவில்லை. தங்கையிடம் மட்டும் இன்னும் பேசவில்லை, எல்லாரையும் முடித்துவிட்டு நிதானமாகப் பேசலாம் என்று... நிதானமாக என்னவென்று? மாதக்கணக்காக அவளுக்கு நடுநடுவே ரத்தம் படுகிறது, கேட்டால் சூடு என்பாள், அலைச்சல் என்பாள், கெஞ்சி, திட்டி, பேசாமல் இருந்து, கடைசியில்தான் வழிக்கு வந்தாள், நீ பக்கத்துல இருந்தா வரேன், வேற எவகிட்டயும் போய்ப் படுக்க மாட்டேன், என்று. நாளைக்கு வர வேண்டியவள். பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்தவள்...

மணி அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்? அவருக்கு மீட்டிங்காம், பொண்ணை எங்க விடறதுன்னு பாக்கறேன்..."

இன்னிக்கே கிளம்பி வாடி, இப்பவே, டாக்டரம்மா இன்னும் போகல, என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள். "அரசாங்க உதவிப் பணத்தை நிறுத்திட்டாங்க, இன்னியோட மூடறோம், நீங்க வேற இடம் பாத்துக்கணும்."

அந்தப் பக்கம் சிரிப்பு, பாதியில் நின்றுவிட்ட சிரிப்பு.

"என்னக்கா... என்னைப் போய் நீங்கங்கறே?"

"காலைலேர்ந்து இதையே சொல்லிட்டிருக்கேன்டி..."

"சரி விடு. பாத்துக்கறேன். நீ சாப்டியா?"

"சாப்டேன்."

வைத்துவிட்டாள். எதையும் பார்த்துக்கொள்ள மாட்டாள், அந்தப் பாத்துக்கறேன் எப்படிப்பட்டது என்று தெரியும், இன்றைக்கு ஆளாளுக்குச் சொன்னார்கள், ஒருத்திகூட எங்கே போகலாம் என்று திருப்பிக் கேட்கவில்லை. அழுகை வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. பரிசோதனை மேசையை இன்னும் யாரும் நகர்த்தவில்லை, கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள், கூப்பிடலாம்... விரல் அடுத்த எண்ணை அழுத்திவிட்டது. மறுமுனையில் யாரோ ஹலோ என்கிறாள், ஹலோ, யாரு, என்கிறாள், அப்போதுதான் உறைத்தது, வாசல்படி ஏறி வருகிற எந்தப் பெண்ணிடமும் முதலில் கேட்பது, இப்பவும் ரத்தம் படுதா என்று, அதைத் தங்கையிடம் கேட்கவே இல்லை.