இரண்டாவது ஒப்புதல்

நான்கு மணி நேரம், சரியாக நான்கு, திங்கள் புதன் வெள்ளி, காலை ஆறே முக்காலுக்கு அவர் கைபேசி அந்த இணைப்பில் சேர்கிறது, பத்தே முக்காலுக்கு விலகுகிறது, மூன்று மாதமாக ஒருமுறைகூடத் தவறவில்லை... இதை நான் தேடிப் போகவில்லை, இன்று காலை கடையின் கிளவுடுக்குள் புகுந்தது யார் என்று பதிவுகளைத் திறந்தேன், குமரன் அங்கிளின் வரிகளும் கூடவே வந்தன, ஒரு மருத்துவமனையின் வைஃபை. கண்ணில் பட்டதைப் படவில்லை என்று ஆக்க முடியுமா. எதிரே அவருடைய அக்கா சிவகாமசுந்தரி ஆன்ட்டி, தலையில் வெள்ளிக்கிழமை மல்லிகை, "அவன் எங்கேருந்து வேணாம்னு அமுக்கினான், அதை மட்டும் சொல்லு" என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார். கடையில் பாதி அவருடையது, இந்தப் பதிவுகளைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்ததும் அவர்தான், ஆனால் ஒருவர் மருத்துவமனையில் இருப்பது கடையின் தகவலா... நான் மடிக்கணினியைப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் குரல் வருமா என்பதே எனக்கு எப்போதும் நிச்சயமில்லை.

காலை ஏழு பத்துக்கு யாரோ ஆன்ட்டியின் பெயரில், ஆன்ட்டியின் பாஸ்வோர்டோடு உள்ளே வந்திருக்கிறார்கள், நேற்று பார்சல் வந்திருப்பதாகச் சொன்ன ஒரு மின்னஞ்சலை நம்பி அவரே அதைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார். வந்தவர் அவசரப்படவில்லை. வாடிக்கையாளர் பெயர்கள், செய்யக் கொடுத்த தாலிகள், யார் யாருடைய மோதிர அளவுகள், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் காப்புப் பிரதியை அழிக்கக் கேட்டிருக்கிறார், அது போய்விட்டால் மீதியைப் பூட்டிவிட்டுப் பேரம் பேசலாம். ஆனால் அதை ஒருவர் மட்டும் அழிக்க முடியாது, இன்னொருவர், அதாவது குமரன் அங்கிள், தன் கைபேசியில் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் கடையின் கணினிப் பாதுகாப்பை அமைத்துக் கொடுத்து அந்த விதியை நான் விளக்கியபோது ஆன்ட்டி சிரித்தார், "இதெல்லாம் எங்கப்பா அப்பவே வச்ச பழக்கம் லா, உள்ள போய்ப் பாரு" என்றார். உள்ளே இரும்புப் பெட்டகம், இரண்டு சாவி, ஒன்று அக்காவிடம், ஒன்று தம்பியிடம். சிராங்கூனில் இருந்த அப்பாவின் வீட்டை விற்றதில் சண்டை வந்து ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை, ஆனாலும் தினமும் காலையில் தோளோடு தோள் நின்று, ஒரு சொல் இல்லாமல், பெட்டகத்தைத் திறந்தார்கள். மூன்று மாதமாக அந்த மூன்று நாள்களில் மட்டும் தம்பி வருவதில்லை, சாவியைக் கடை ஊழியர் இல்ஹாமிடம் கொடுத்தனுப்புகிறார். "எல்லை தாண்டி ஜோகூர்ல தனிக்கடை போடுறான், எனக்குத் தெரியாதா" என்கிறார் ஆன்ட்டி, "ஆளை அனுப்பினதும் அவன், வேணாம்னு அமுக்கி நல்லவன் மாதிரி நடிச்சதும் அவன். மூணு மணிக்கு வக்கீல் வர்றார், கேஸ் போட்டுக் கடையிலேருந்து அவன் பேரை எடுத்துடுறேன்." எடுத்துவிடுவார். எடுத்தால் கடையில் தம்பிக்கு ஒன்றுமில்லை, பெட்டகத்தின் முன்னால் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரமும் இல்லை.

ஒப்புதல் கேட்டு வந்ததைக் குமரன் அங்கிள் மறுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும், யாரும் அதை நிரப்புவதில்லை, அவர் நிரப்பியிருக்கிறார். 'வெள்ளிக்கிழமை. அக்கா இந்நேரம் கோயில்ல இருக்கும். போனைத் தொடாது.' காலையிலிருந்து எத்தனை முறை படித்தேனோ, ஒவ்வொரு முறையும் கையில் மயிர் சிலிர்க்கிறது. பல்கலைக்கழகத்தில் பெரிய எண்களைப் பற்றிப் படித்தோம், சூரியன் அணையும்வரை முயன்றாலும் உடைக்க முடியாத பூட்டுகள், அன்று அதுதான் உலகத்திலேயே பெரிய விஷயம் என்று நினைத்தேன். வந்தவர் அவற்றையெல்லாம் உடைக்கவே இல்லை, சாவியோடு நடந்து வந்தார், எந்த நாட்டிலிருந்தோ, இன்னும் விடியாத ஏதோ ஓர் ஊரிலிருந்தோ, எல்லாக் கதவுகளும் அவருக்குத் திறந்தன, ஆறு வருடமாகப் பேசாத ஒருவர் அக்காவின் வெள்ளிக்கிழமையை நினைவில் வைத்திருந்த இடத்தில் மட்டும் நின்றுபோனார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது... திரையை ஆன்ட்டி பக்கம் திருப்பினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "தொடாதுன்னு எழுதியிருக்கான் பாரு, மரியாதை" என்றார். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "எங்கேருந்து எழுதினான்?"

ஒரு போன் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்கு வந்துவிட்டேன், சந்தில் யாரோ வெங்காய மூட்டை இறக்குகிறார்கள், குமரன் அங்கிளின் எண்ணை அழுத்தினேன், அவரே எடுத்துவிட்டார். கடை பத்திரமா என்பதுதான் முதல் கேள்வி. பத்திரம் அங்கிள், நீங்க எங்க இருக்கீங்கன்னு ஆன்ட்டி கேக்குறாங்க, நான் சொல்லல என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். வைஃபை பேரு வருது அங்கிள். மெதுவாகச் சிரித்தார், "மூணு மாசமா ஒளிச்சு வச்சேன், வைஃபை காட்டிக் குடுத்துடுச்சா. சொல்லாத ம்மா. தெரிஞ்சா அக்கா வந்துடும். வந்தா அழும். இங்க எல்லாரும் தூங்குறாங்க." நான் சரி என்றிருக்கலாம், அதுதான் எனக்குச் சுலபம், எல்லாவற்றுக்கும் சரி என்றே வளர்ந்தவள். ஆனால் வேறு எதுவோ சொன்னேன், அந்தக் குரல் என்னுடையதுபோலவே இல்லை, "நீங்க ஜோகூர்ல தனிக்கடை போடுறீங்க, நீங்கதான் ஆள் அனுப்பினீங்கன்னு நினைக்கிறாங்க அங்கிள். மூணு மணிக்கு வக்கீல் வர்றார்." மூட்டை விழும் சத்தம். அவர் பக்கத்தில் ஏதோ சீராக ஓடும் சத்தம். "போனை அக்காகிட்ட குடு."

மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். வெளியே போகலாமா, ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், போக முடியவில்லை. "அக்கா" என்றது போன். ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு சொல், ஆன்ட்டியின் தலையில் மல்லிகை லேசாக ஆடியது. கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில் 'இரண்டாவது ஒப்புதல்: ஒருவர்' என்றுதான் எழுதியிருந்தேன், பாஸ்வோர்டு தொலைந்தால் என்ன, கைபேசி தொலைந்தால் என்ன என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன், அந்த ஒருவர் இல்லாமல் போனால் என்று எங்கும் எழுதவில்லை, கேட்கக்கூடத் தோன்றவில்லை...

"ஜோகூரும் இல்ல, கடையும் இல்லக்கா. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். இடது கையில ஊசி இருக்கு, வலது கையாலதான் அமுக்கினேன்."