முறுக்கின் கழுத்தில் இருந்த எண்

தாரகா தன் பழைய கைப்பேசி எண்ணை விட்டதற்குக் காரணம் ஹரிசன். விவாகரத்து முடிந்த பிறகும் அவன் வெவ்வேறு எண்களிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சில நாள் அழுவான், சில நாள் திட்டுவான். புது எண்ணை அவள் அம்மாவுக்கும் அலுவலகத்துக்கும் மட்டுமே கொடுத்தாள். சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தெரியாத அழைப்பு எதையும் எடுக்காமல் இருந்தாள்.

ஒரு மாலை, பார்சல் கொண்டுவருபவர் என்று நினைத்து எடுத்துவிட்டாள். பேசியவர் தேக்கா மார்க்கெட்டில் பழம் விற்பவராம். உங்கள் நாய் இங்கே கடைகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது, வந்து கூட்டிப்போங்கள் என்றார். தாரகாவிடம் நாய் கிடையாது. ஹரிசன்தான் யாரையோ பேசவைத்து அவளை வெளியே வரவழைக்கப் பார்க்கிறான் என்று பட்டது. ஒரு வார்த்தையும் பேசாமல் துண்டித்தாள். அந்த எண்ணையும் முடக்கிவைத்தாள்.

அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன நாய், முடியெல்லாம் சடைபிடித்துக் கிடந்தது. கழுத்துப் பட்டையில் தொங்கிய தகட்டில் முறுக்கு என்று ஆங்கில எழுத்தில் பெயர். அதற்குக் கீழே தாரகாவின் எண். அனுப்பியவர் ரத்தினம்மா, அதே மார்க்கெட்டில் காப்பிக் கடை வைத்திருப்பவர். நாயை வேன் இடித்துவிட்டது, உடனே வரவேண்டும் என்று குரல் பதிவும் அனுப்பியிருந்தார்.

தாரகா கூப்பிட்டு, அது தன் நாய் இல்லை என்றாள்.

"உன் நாய் இல்லன்னா உன் நம்பர் எப்படிம்மா அது கழுத்துல இருக்கும்?"

படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். எண் அவளுடையதுதான். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

நாயை ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பழக்கடைக்காரர் போன வாரமே கூப்பிட்டாராம், யாரும் வரவில்லையாம். ரத்தினம்மா அதைச் சொன்னபோது குரலில் கோபம் இருந்தது. தாரகா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். இருவரும் டாக்சி பிடித்து விலங்கு மருத்துவரிடம் போனார்கள்.

டாக்டர் சிவானி ஒரு கருவியை நாயின் தோள்களுக்கு நடுவில் மெல்ல நகர்த்தினார். தோலுக்கடியில் மைக்ரோசிப் இருந்தது. அந்த எண்ணைக் கணினியில் தட்டி, பதிவைப் படித்தார். உரிமையாளர் செல்லக்கண்ணு, மார்க்கெட்டை ஒட்டிய பஃப்ளோ ரோட்டில் அடுக்குமாடி வீடு. தொடர்பு எண்ணை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தாரகா தன் எண்ணையே கேட்டாள். தான் வாங்குவதற்கு முன் அது இன்னொருவருடையதாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பெயரைக் கேட்டதும் ரத்தினம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு அண்ணன் நாயா இது? அவரு போயி ஒரு வருஷம் ஆகப்போவுதேம்மா. முடியெல்லாம் வெட்டி எப்படி வச்சிருப்பாரு. எனக்கு அடையாளமே தெரியலயே. தகட்டுல இருந்த இங்கிலீசு எழுத்தும் எனக்குப் படிக்க வராதே."

இத்தனை மாதமும் அது எங்கே இருந்தது, என்ன தின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. சிறுநீரகம் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. அறுவை சிகிச்சையைத் தாங்காது என்றார் டாக்டர். வலியில்லாமல் தூங்கவைக்கலாம். ஆனால் குடும்பத்தில் யாராவது சம்மதிக்க வேண்டும்.

செல்லக்கண்ணுவுக்கு மனைவி, மக்கள் இல்லை. ஈசூனைத் தாண்டி செம்பவாங்கில் நிதீஷ் என்று தங்கை மகன் ஒருவன் இருந்தான். ரத்தினம்மா யார் யாரையோ கேட்டு அவன் எண்ணை வாங்கித் தந்தார். தாரகா கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது எடுத்தான், ஆனால் பேசவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. தாரகாதான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவன் வேலைச் சீருடையோடு வந்து சேர்ந்தான். நாய் தலையைத் தூக்காமலே அவன் சட்டைக்கையை வெகுநேரம் முகர்ந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, செய்யுங்கள் என்றான். ஊசி போடும்போது ரத்தினம்மா வெளியே போய்விட்டார். தாரகா நாயின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே நின்றாள். அவள் கையில் சூடு இருக்கும்போதே அது அடங்கிவிட்டது.

வழிதான் என்று நிதீஷ் அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டான். பாதி தூரம் போனதும் அவன்தான் பேச்சை எடுத்தான்.

"மாமாவ ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்ப கதவு தெறந்து கெடந்துச்சுக்கா. அப்ப ஓடுனதுதான். ஆஸ்பத்திரியில கடைசிவரைக்கும் ஃபோன கையிலயே வச்சிருந்தாரு. பேட்டரி கொறஞ்சா நர்ஸ கூப்பிட்டுச் சொல்லுவாரு. சிப் இருக்கு, நம்பர் இருக்கு, யாராச்சும் கூப்பிடுவாங்கடான்னு."

காரியம் முடிந்ததும் அவன்தான் மாமாவின் கைப்பேசி இணைப்பை நிறுத்தச் சொன்னானாம். இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்தானாம்.

"போன வாரமே எனக்கு கால் வந்துச்சு," என்றாள் தாரகா. "பயந்துபோய் கட் பண்ணிட்டேன். அன்னிக்கே போயிருந்தா வேன்ல அடிபட்டிருக்காது."

நிதீஷ் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஈசூனில் அவளுடைய அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, தன் கைப்பேசியை எடுத்து அவளிடம் காட்டினான். வந்த அழைப்புகளில் அவளுடையது மேலே இருந்தது. அவள் எண்ணுக்கு நேரே பெயர் மாமா என்று இருந்தது.

"மொத தடவ இதப் பாத்துட்டு எடுக்கவே கை வரலக்கா. உங்க பேரு என்ன?"

சொன்னாள். அவன் பழைய பெயரை அழித்துவிட்டு, தாரகா என்று அடித்தான். விரலைத் திரையின் மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு, அப்புறம் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி, சேமிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.